பழைய செயினில் மேசை விளக்கு: ராடா, மிக்கா, பித்தளையா?

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று காயலான் கடைகளை அலசி, மேசை விளக்கு மாதிரி அலங்காரப் பொருள் செய்ய பைக் செயின், கியர், பிரேக் டிரம் எல்லாம் அள்ளி வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த வெல்டிங் மெஷின் வாங்கலாம்?” என்பதைத்தான். அள்ளி வந்தது என்ன உலோகம் என்று முதலில் பாருங்கள். மெஷின் பேச்சு அப்புறம்.

தெரியாத துண்டைக் கிரைண்டரில் லேசாக வைத்தால் போதும். நீளமான மஞ்சள் கோடுகளாகப் பொறி பறந்தால் சாதாரண இரும்பு. மத்தாப்பு மாதிரி கிளை கிளையாக வெடித்தால் கார்பன் அதிகமுள்ள எஃகு. சிவந்து, குட்டையாக விழுந்தால் வார்ப்பிரும்பு. பொறியே வராவிட்டால் பெரும்பாலும் அலுமினியம்; கிரைண்டிங் கல்லை அதில் அடைக்காமல் எடுத்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ராடு வெல்டிங்தான். கையில் தூக்கிப்போகும் இன்வெர்ட்டர் மெஷின், 2.5 மி.மீ. 6013 வகை ராடு, 60 முதல் 90 ஆம்பியர். கியர், ஸ்ப்ராக்கெட், கனெக்டிங் ராடு மாதிரி தடித்த எஃகுக்கு இதுவே போதும். அலங்காரப் பொருள் தானே, வண்டியா ஓடப்போகிறது? பற்றின் மேல் படியும் கசடைத் தட்டுவதுதான் ஒரே தொல்லை. பல்லிடுக்கில் போன கசடைக் கம்பி பிரஷ்ஷால் குடைந்து எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

செயின் என்று வந்துவிட்டால், ராடுக்குப் பதில் மெல்லிய கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங் பக்கம் சாய்ந்துவிடுவேன். பைக் செயினின் தகடு ஒன்றரை, இரண்டு மி.மீ. கனம்தான். ராடு கொஞ்சம் தாமதித்தாலும் விளிம்பு உருகி ஓடிவிடும். 0.8 மி.மீ. கம்பியில் மிக் வைத்தால் பொட்டு வைப்பதுபோல ஒரு நொடி டேக் போட்டுவிட்டுக் கையை எடுக்கலாம், கசடும் கிடையாது. செயினை ஒரு இரும்புக் குழாயில் சுற்றி, வளையத்துக்கு வளையம் தகட்டின் விளிம்பில் மட்டும் டேக் போட்டால் விளக்குத் தண்டு நேராக நிற்கும். அதற்கு முன் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும். மேலே துடைத்தால் மட்டும் போதாது. ரோலருக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் கசிந்து வந்து பற்றில் ஊசித்துளை போடும். மிக்கின் குறை, பற்றைக் காற்று படாமல் காக்கும் கேஸ் சிலிண்டர். மொட்டைமாடிக் காற்றில் கேஸ் கலைந்து, அங்கேயும் அதே ஊசித்துளைதான்.

கார், லாரி பிரேக் டிரம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சாதாரண ராடில் பற்றவைத்தால் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆறும்போது ‘டிங்’ என்று பற்றை ஒட்டியே விரிசல் விடும். நிக்கல் ராடு கேட்கும், அது விலை அதிகம். இதற்குக் கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளை வைத்துப் பற்றவைப்பதே உத்தமம். பித்தளை ஏறக்குறைய 900 டிகிரியில் உருகிவிடும், டிரம் உருகுவதில்லை. மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிட்டால் விரியாது. கறுத்த இரும்பில் ஓடும் அந்தப் பொன்னிறக் கோட்டைத் தேய்த்து மறைக்காதீர்கள். மற்ற இரண்டிலும் அந்த அழகு வராது.

பேரிங்கை மூன்றிலும் சேர்க்க மாட்டேன். ஒரு சதவீத கார்பனும் ஒன்றரை சதவீத குரோமியமும் உள்ள எஃகு அது. பற்றின் ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பிஸ்டன் அலுமினியம், இரும்போடு இவற்றில் எதிலும் ஒட்டாது. பேரிங்கை எபாக்ஸியில் ஒட்டுங்கள். பிஸ்டனில் பின் போகும் துளை தயாராகவே இருக்கிறதே, மரை போட்ட கம்பியைச் செருகி நட்டு முடுக்கினால் வேலை முடிந்தது.

எதை எடுத்தாலும், ஷாக் அப்சார்பரின் குழாயில் நெருப்பு வைக்கவே கூடாது. உள்ளே எண்ணெயும் அழுத்தமான வாயுவும் இருக்கும், வெடிக்கும். வெள்ளி மாதிரி பளபளக்கும் நட்டு, போல்ட்டில் துத்தநாக முலாம் இருக்கும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல். முலாமைத் தேய்த்தெடுத்துவிட்டுப் பற்றவையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைத்த பாகத்தை வெல்டிங் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். மண்ணெண்ணெய், சோப்பு போதும்.