ஸ்கேனர் நல்ல பொருள்தான், ஆனால் மெக்கானிக்கைப் பிடிப்பதற்காக என்றால் வாங்காதீர்கள்

காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறுக் குறியீடுகளை (கோட்) படித்துக் காட்டும், போனோடு ப்ளூடூத்தில் இணையும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் சில வருடங்களாக என் காரில் வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் தானும் வாங்கப் போவதாகச் சொன்னார். எதற்கு என்றதற்கு, "இனிமேல் எந்த மெக்கானிக்கும் என்னை ஏமாற்ற முடியாது, பாருங்க" என்றார். அதற்காக என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைப் பற்றி அவரிடம் அவ்வளவு புகழ்ந்து பேசியவனே நான்தான். அதனால் அவருக்குக் குழப்பம். விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால் போதும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் இது கட்டாயமானது, பிற நாடுகள் பின்னால் சேர்ந்துகொண்டன. இந்த ஸ்கேனர்கள் பலவற்றுக்குள் இருக்கும் ஈஎல்எம்327 சிப்பின் மலிவான நகல்களில் சில, பாதியில் இணைப்பை விட்டுவிடும், சில கட்டளைகளுக்குப் பதிலே தராது. என்னுடையதில் அந்தத் தொல்லை இல்லை. கருவியைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

என் கோபமெல்லாம், கோடை அழித்து லைட்டை அணைக்கும் 'கிளியர்' என்ற அந்த ஒரு பட்டன் மீதுதான்.

இன்ஜின் செக் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்று வந்தது. இன்ஜினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். "லைட் அணைச்சாச்சு சார், இனிமே வராது." வந்தது. அடுத்து ஏர் ஃப்ளோ சென்சார். மறுபடியும் லைட்டை அணைத்தார்கள், மறுபடியும் வந்தது. என்ன கோட், எதனால் அந்தப் பாகத்தைச் சந்தேகப்பட்டார்கள், மாற்றிய பிறகு என்ன பார்த்தார்கள், எதையும் சொல்லவில்லை. ஜாப் கார்டில் 'சென்சார் மாற்றப்பட்டது' என்ற ஒரு வரிதான்.

கடைசி முறை விட்டபோது, "நாங்க எதையும் அழிக்கலை சார், பிரச்சினையே இல்லை, சும்மா செக் பண்ணோம்" என்றார்கள். கோட் அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல கார்களில் ஸ்கேனர் காட்டும். என் காரிலும் காட்டியது. அவர்கள் டெஸ்ட் டிரைவ் போன தூரம்தான் அதில் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முகம் கடுத்தது, நானும் குரலை உயர்த்தினேன், வண்டி அதே கோளாறோடு வீடு வந்து சேர்ந்தது. ஸ்கேனர் எனக்குச் செய்த மிகப் பெரிய உளவு வேலை அதுதான். அதனால் ஒரு ஹோஸ் கிளிப் கூட இறுகவில்லை.

அழிப்பதில் அப்படி என்ன தப்பு என்று கேட்கலாம். கோட் விழும் அந்த நொடியில் இன்ஜின் எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு எடுத்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் மேல் எவ்வளவு சுமை என்பதெல்லாம் அதில் இருக்கும். எப்போதாவது வந்து போகும் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கிளியரை அழுத்தினால் கோடோடு சேர்ந்து அதுவும் போய்விடும். கார் தன்னைத்தானே சோதித்து முடித்த சோதனைகளின் நிலையும் முதலில் இருந்து தொடங்கும். விளக்கு அணைவதைப் பார்த்து வாடிக்கையாளர் நிம்மதியாகிறார், அடுத்து வண்டியைப் பார்க்கப் போகிற மெக்கானிக்குக் கையில் ஒன்றுமே இல்லை.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் போனெட்டைத் திறக்கும் முன் கேட்டார்: "எப்போ சார் லைட் வருது? காலையில ஸ்டார்ட் பண்ணதுமா, ஓடி சூடானப்புறமா? சிக்னல்ல நிக்கிறப்ப இன்ஜின் உதறுதா?" ஃப்ரீஸ் ஃப்ரேமை நான் படமெடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். ஐடிலிங்கில், நின்ற வண்டியில் விழுந்த கோட்.

என் போனையே வாங்கி ஃப்யூயல் ட்ரிம் பக்கத்துக்குப் போனார். காற்றுக்கு ஏற்ப இன்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் அது. பூஜ்யத்தை ஒட்டி, மேலும் கீழும் 10க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலிங்கில் என் வண்டி 20ஐத் தாண்டி நின்றது. "ஆக்சிலேட்டரை மிதிச்சு 2,500 ஆர்பிஎம்ல பிடிங்க" என்றார். பிடித்தேன். எண் மெல்ல இறங்கி 10க்குக் கீழே வந்தது. "பாருங்க, இறங்குது. பம்ப் வீக்கா இருந்தா மிதிக்க மிதிக்க ஏறணும். காத்து எங்கேயோ வேற வழியா உள்ளே போகுது. ஐடிலிங்ல உறிஞ்சுற வேகம் ஜாஸ்தி, மொத்தக் காத்து கம்மி, அதனால அப்போ பெருசாத் தெரியுது. மிதிச்சா வர்ற காத்துல இது அடிபட்டுப் போகுது."

இன்டேக்குக்குப் பின்னால் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்றைத் தடவிக்கொண்டே போனவர், ஒரு வளைவில் நிறுத்தினார். மேலே இருந்து பார்த்தால் நல்ல ஹோஸ். அடிப்பக்கத்தை விரலால் வளைத்ததும் வெடிப்பு வாய் திறந்தது. என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். ஹோஸை மாற்றியபின் அதே எண்ணை மறுபடியும் இரண்டு பேருமாகப் பார்த்தோம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

ஸ்கேனரை நான் புகழ்வது இந்த ஒரு காரணத்துக்காக. நாங்கள் இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசினோம். அவர் சொன்னதை நான் நம்ப வேண்டிய அவசியமே வரவில்லை, என் கண்ணாலேயே பார்த்தேன்.

பிறகொரு நாள் மிஸ்ஃபயர், ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலா, தீப்பொறி தரும் பிளக்கா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று கோட் சொல்லாது. அதே மெக்கானிக் இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி நான்காவதிலும், நான்காவதை இரண்டாவதிலும் மாட்டினார். பழைய கோடைத் தாளில் எழுதிக்கொண்டுதான் கிளியர் அழுத்தினார். ஓட்டிவிட்டு வந்தால் பி0304. காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது. புது காயில் ஒன்றுதான் செலவு. அந்தப் பட்டனுக்கு நியாயமான உபயோகம் இதுதான்: எழுதி வைத்துவிட்டு, ஒரு கேள்வியோடு அழிப்பது.

பழைய ஒர்க்‌ஷாப் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோளாறைத் தேட ஒரு மணி நேரம் ஆனால், அந்த மணிக்குக் காசு கேட்கும்போது, "சும்மா பார்த்ததுக்கா?" என்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பாகத்தை மாற்றினால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். பிறகு மெக்கானிக் தேடுவாரா, மாற்றுவாரா? இன்னும் சிலர் ஆப்பில் வந்த கோடை வைத்துக்கொண்டு, "ஆக்சிஜன் சென்சார் போடுங்க" என்று ஆர்டர் கொடுக்கிறார்கள். கேட்டதைப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டால் பழி அவர் மேல் விழாது. யோசிக்கிற மெக்கானிக்கைக்கூட அப்படி வாய் மூட வைத்துவிடுகிறோம்.

நண்பரை நான் தடுத்ததற்கு இன்னொரு காரணம். ஒர்க்‌ஷாப்பில் சண்டை வருகிற விஷயங்களில் பாதிக்கு மேல் இந்தக் கருவியின் கண்ணிலேயே படாது. பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டதா, லோயர் ஆர்ம் புஷ் கிழிந்ததா, ஒரு பக்கம் திரும்பினால் மட்டும் கூடுகிற அந்த ஊளைச் சத்தம் வீல் பேரிங்கா, முழுசாக ஸ்டியரிங்கை ஒடித்தால் வரும் 'டக் டக்' சிவி ஜாயின்டா, எதையும் சொல்லாது. அங்கெல்லாம் லிஃப்ட்டில் வண்டியை ஏற்றி, "இங்கே வாங்க, ஆட்டிப் பாருங்க" என்று கூப்பிடுகிற மனிதர்தான் வேண்டும். நம் பங்குக்கு, 'சத்தம் வருது' என்பதோடு நிறுத்தாமல், எந்த வேகத்தில், எந்தப் பக்கம், பிரேக் போடும்போதா விடும்போதா என்று சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆக, மெக்கானிக்கோடு பேச வேண்டும் என்றால் வாங்குங்கள், பிடிக்க வேண்டும் என்றால் வேண்டாம். இவ்வளவு சொன்ன பிறகும், இன்று எனக்கு இருக்கிற கோபத்தில் யாருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. இந்த வாரம் ஆப்பைப் புதுப்பித்தார்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமை மூன்று மெனுவுக்குள் கொண்டுபோய் ஒளித்துவிட்டு, கிளியர் பட்டனைச் சிவப்பாக, முதல் பக்கத்தில், கட்டைவிரல் போய் விழுகிற இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். அழிக்கும் முன் பதிவைச் சேமிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆப்காரர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அதை மாற்றுகிற வரை என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.