‘யூஎஸ்பியில் செருகினால் போதும்’ என்று ₹2,850 பறித்த கடை: கிட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

என்னுடைய ₹2,850ஐ அந்தக் கடைக்காரர்கள் தரப்போவதில்லை என்று இன்று காலை உறுதியாகிவிட்டது. வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். மைக்ரோகண்ட்ரோலர் (கோட் ஏற்றி இயக்கும் குட்டிக் கணினிச் சிப்) பழக கிட் தேடுகிறவர்கள் பணம் போடும் முன் படித்துவிடுங்கள்.

கடையின் பெயர் வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் ஆன்லைன் கடை. வாட்ஸ்அப்பில் ஆர்டர், யூபிஐயில் பணம். எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32 சிப் வைத்த ‘ப்ளூ பில்’ போர்டு, சிப்பில் நேரடியாகக் கோட் ஏற்றும் எஸ்டி-லிங்க் புரோகிராமர், பிரெட்போர்டு, ஜம்பர் வயர், தமிழில் வீடியோ பாடம், எல்லாம் சேர்த்து ஒரு கிட். ‘யூஎஸ்பியில் செருகுங்கள், கோட் ஏற்றுங்கள்’ என்று விளம்பரம்.

வாங்கும் முன் போன் செய்து கேட்டேன். எடுத்தவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். சிப் ஒரிஜினல்தானா என்றதற்கு, “டூப்ளிகேட் வித்தா நாளைக்கு நான் கடை நடத்த முடியுமாண்ணா?” என்றார். பூட்லோடர், அதாவது சிப்புக்குள் கோட் ஏற்ற உதவும் சின்ன புரோகிராம், போட்டே அனுப்புகிறோம் என்றார். போனை வைத்த கையோடு, போர்டில் எல்இடி மினுக்கும் வீடியோ ஒன்றும் வந்து விழுந்தது. அதைப் பார்த்துத்தான் பணத்தை அனுப்பினேன்.

பார்சல் வந்தது. பின்கள் தனியாக இருந்தன, சால்டர் செய்தேன். லேப்டாப்பில் செருகினால் ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’. கேபிளை மாற்றி, லேப்டாப்பையே மாற்றியும் அதே கதை. எம்பெடட் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்தப் போர்டில் இருக்கும் எஃப்103 சிப்பில் தயாரிப்பிலேயே வரும் பூட்லோடர் சீரியல் பின்கள் வழியாக மட்டும்தான் பேசும், யூஎஸ்பியில் பேசாது. யூஎஸ்பியில் ஏற்ற வேண்டுமென்றால் வேறொரு பூட்லோடரைத் தனியாகப் போட்டிருக்க வேண்டும். போடவே இல்லை.

சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று எஸ்டி-லிங்கை மாட்டினோம். எஸ்டி-லிங்க் வழியாகச் சிப்போடு பேசும் ஓப்பன்ஓசிடி மென்பொருள் பாதியிலேயே நின்றது. ஒரிஜினல் சிப்பில் 1 என்று தொடங்க வேண்டிய ஐடி கோடு (சிப்பின் அடையாள எண்) இதில் 2 என்று தொடங்குகிறது. மேலே எஸ்டி முத்திரை, உள்ளே வேறு யாரோ செய்த குளோன். குளோன் என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன், பழக அது போதும். போதாததற்கு ஆர்10 ரெசிஸ்டர். யூஎஸ்பியின் டி-பிளஸ் என்ற டேட்டா கோட்டில் 1.5 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம். இந்தப் போர்டில் ஊரறிந்த கோளாறு அது; விற்கிறவருக்குத் தெரியாதாம்!

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. “டிரைவர் போடுங்கண்ணா.” போட்டேன். “உங்க விண்டோஸ் பழசா இருக்கும்.” இல்லை. “டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க.” யாரும் கூப்பிடவில்லை. ஐடி கோடு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும்தான் உண்மையான பதில் வந்தது: “சால்டர் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது.” எஸ்டி-லிங்க் மாட்டும் நாலு பின்னும் தனியாகத்தானய்யா அனுப்பினீர்கள், சால்டர் செய்யாமல் சிப்பை எப்படிச் சோதிப்பது? அதற்குப் பதில் இல்லை, பிளாக் செய்துவிட்டார்கள். தமிழ் வீடியோ பாடம்? யாரோ யூடியூபில் இலவசமாகப் போட்டதன் லிங்குகள். இதற்கு ₹2,850.

எந்தக் கிட் வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சால்டர் வைக்கும் முன்பே யூஎஸ்பியில் செருகிப் பாருங்கள். பூட்லோடர் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். முதல்முறை என்றால் ராஸ்பெர்ரி பை பைக்கோ மாதிரி போர்டு போதும். அதில் யூஎஸ்பி பூட்லோடர் சிப்பின் ரோமிலேயே, அதாவது அழிக்க முடியாத நினைவகத்திலேயே, இருக்கிறது, பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டு செருகினால் பென் டிரைவாகத் தெரியும், ஃபைலை இழுத்துப் போட வேண்டியதுதான்.

1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்திருக்கிறேன். பில் கேட்டார்கள். அந்தக் கடை பில்லே தரவில்லை. ₹2,850க்கான யூபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அனுப்பியிருக்கிறேன்.