ஏர் ஃபில்டர் பாக்ஸில் ஓட்டை போட யாரையும் விடாதீர்கள்

பிக்கப் இன்னும் கொஞ்சம் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று நினைக்கிற கார்க்காரர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என் பெட்ரோல் காரை மாடிஃபிகேஷன் செய்கிற ஒரு பட்டறையில் விட்டேன். பேச்சு ஃபில்டரைப் பற்றி மட்டும்தான். பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டு எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டர் போட வேண்டும், அவ்வளவுதான்.

மாலையில் போய் பானெட்டைத் திறந்தால் வயிறு எரிந்துவிட்டது. பாக்ஸின் அடிப்பக்கம் முழுக்க கட்டைவிரல் நுழைகிற அளவில் துளைகள். ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுத்துவரும் ஸ்நார்க்கல் குழாயைக் காணோம், காற்று உறிஞ்சும் ஓசையை அடக்குகிற ரெசனேட்டர் அறையும் இல்லை. எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் சத்தத்தைக் குறைக்க வைக்கிறது சார், தூக்கிப் போட்டாச்சு, இனிமேல்தான் இஞ்சின் ஒழுங்கா மூச்சு விடும்" என்றார் பட்டறைக்காரர். என் வண்டியின் பாகத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அறுத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார். அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் ஓட்டிப் பார்த்தபோது மிதித்ததும் உறுமல் அப்படிக் கேட்டது, வேகம் கூடியிருக்கிறது என்றே நம்பிவிட்டேன்.

கூடியது சத்தம் மட்டும்தான். ரெசனேட்டர் அடக்கி வைத்திருந்த உறிஞ்சும் ஓசை வெளியே கேட்கிறது, காது அதைச் சக்தி என்று எடுத்துக்கொள்கிறது. பெட்ரோல் இஞ்சினில் பாதி மிதியில் போகும்போது காற்றைத் தடுத்து நிற்பது பாக்ஸ் இல்லை, மிதிக்கு ஏற்பத் திறந்து மூடுகிற த்ராட்டில் தகடுதான். பாக்ஸை எவ்வளவு திறந்தாலும் தினசரி ஓட்டத்தில் அது தெரியப்போவதில்லை.

சில நாளிலேயே நெரிசலில் வண்டி மந்தமாக இழுக்க ஆரம்பித்தது. மைலேஜ் இறங்கியது. அப்புறம் செக் இஞ்சின் விளக்கு. திரும்பப் போனால் ஸ்கேனரை மாட்டி எரர் கோடை (பழுதுக் குறியீட்டை) அழித்துவிட்டு, "ஈசியூ (இஞ்சினை நடத்துகிற கணினி) புது ஃபில்டருக்குப் பழகணும் சார், கொஞ்ச நாள் ஓட்டுங்க" என்று அனுப்பினார், அதற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு. மறுபடியும் விளக்கு எரிந்ததும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் பழைய மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். எரர் கோடு பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை. ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிற அளவு, கூட்டல் 19 சதவீதம் காட்டியது, 10க்குள் இருக்க வேண்டியது. அண்ணன் உள்ளே போகிற காற்றை அளக்கும் மேஃப் சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். அதிலுள்ள மிக மெல்லிய கம்பிமேல் ஃபில்டர் எண்ணெய் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி சாம்பல் நிறத்தில் உறை மாதிரி இருந்தது. அந்தச் சூடான கம்பி எவ்வளவு ஆறுகிறது என்பதை வைத்துத்தான் உள்ளே போகிற காற்று அளக்கப்படுகிறது. அழுக்கு மூடினால் குறைவாகக் கணக்குக் காட்டும், ஈசியூவும் பெட்ரோலைக் குறைத்துவிடும், பிறகு புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அதைச் சரிக்கட்டவே அது திணறிக்கொண்டிருக்கும்.

பாக்ஸில் ஒரு கிளிப் உடைந்திருந்தது. அதனால் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் உட்காரவே இல்லை. ஃபில்டரைத் தாண்டிய குழாய்க்குள் அண்ணன் விரலை விட்டுத் தடவி எடுத்தார், விரல் நுனியில் மாவு போல மண். அந்த மண் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். டர்போ வண்டி என்றால் அதற்கு முன்பே கம்ப்ரசர் இறக்கைகளில் அடிபடும். துளை போட்ட பிளாஸ்டிக் சுருள்களைக்கூடத் துடைக்காமல் மூடியிருக்கிறார், ஃபில்டர் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன.

சூட்டையும் பார்த்தோம். வெளியே 34 டிகிரி, நெரிசலில் நின்றபோது உள்ளே போகிற காற்று 61 டிகிரி. துளைகள் வழியாக இஞ்சின் அறையின் வெந்த காற்றைத்தான் இழுக்கிறது. அந்த வித்தியாசத்துக்குக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறையும், அந்தச் சூட்டில் முழுதாக மிதித்தாலும் அவ்வளவு ஆக்சிஜன் குறைவு. அதிகச் சக்தி என்று சொல்லி விற்றது இதைத்தான்.

புது பாக்ஸ், ஸ்நார்க்கல், ரெசனேட்டர், பேப்பர் ஃபில்டர் எல்லாம் கம்பெனிப் பொருளாகவே வாங்கிப் போட்டேன். சென்சாரை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் கழுவினார், அண்ணன் அதில் துணியோ விரலோ படவே விடவில்லை. ட்ரிம் இப்போது 3. ஆனால் அத்தனை நாள் உள்ளே போன மண் என்ன செய்திருக்கிறது என்று கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்ற சோதனை, பார்க்க வேண்டும். அந்தக் கவலை இன்னும் போகவில்லை.

ஏற்கெனவே இப்படிச் செய்துவிட்டவர்கள் இன்றைக்கே பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப்பக்கம் உள்ள குழாயை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் மண் வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். இனி செய்யப்போகிறவர்கள் கழற்றுகிற ஒவ்வொரு பாகமும் திரும்ப உங்கள் கைக்கு வரும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், அறுப்பது துளைப்பது எதுவும் கூடாது என்பதையும் சேர்த்து. இதை எழுதித் தர மறுக்கிற இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.