பெரம்பூர் ஆற்று நீர்க் கணக்கு வகுப்பு: 1,500 ரூபாய்க்குத் தகுமா?

நான்கு ஞாயிறு, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் ஒரு மாடி அறை. ஒரு பெரிய ஆற்றுப் படுகையில், அதாவது அந்த ஆற்றுக்கு நீர் வந்து சேரும் மொத்த நிலப்பரப்பில், எவ்வளவு நீர் செலவாகிறது, எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போடுவது எப்படி, இதுதான் பாடம். நடத்துபவர்கள் பெயர் போடவில்லை, கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன்.

கொளத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர் லாரி நோட்டை எழுதுகிறவன் நான். 2019 கோடையில் அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான், ஆந்திராவிலிருந்து சென்னைக்கு வரும் கிருஷ்ணா தண்ணி கிருஷ்ணா தண்ணி என்கிறார்களே, அது எங்கேதான் போகிறது என்ற கேள்வி மண்டையில் ஏறியது.

முதல் வகுப்பிலேயே கொடுத்த காசுக்குப் பாதி பலன் கிடைத்துவிட்டது. பாடம் எடுப்பவர் ஓய்வு பெற்ற பொறியாளர். "வாய்க்கால்ல கசியுற தண்ணி நஷ்டமா?" என்று கேட்டார். எல்லோரும் ஆமாம் என்றோம். "யாருக்கு?" என்றார். கசிந்தது பக்கத்துக் கிணற்றில் ஊறும், இல்லாவிட்டால் கீழே ஆற்றுக்கே திரும்பும், ஆக வாய்க்காலின் கடைசியில் இருப்பவனுக்கு நஷ்டமே தவிரப் படுகைக்கு இல்லை. அப்படியானால் நிஜமாகவே கையை விட்டுப் போவது எது என்றால், ஆவியாவது, பயிர் உறிஞ்சி இலை வழியே விடுவது, கடலில் விழுவது, வேறு ஊருக்குக் கொண்டு போவது. கசிந்த நீர் உப்பு நிலத்தடி நீரோடு கலந்தால் அதுவும் போனதுதான், கடல்நீர் புகுந்த மீஞ்சூர் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது வெறும் வகுப்புக் கணக்கு இல்லை. 1973-இல், மாநிலங்களுக்கு இடையே கிருஷ்ணா நீரைப் பங்கிட வந்த பச்சாவத் தீர்ப்பாயம், ஆற்றில் வருடத்துக்குக் கிடைப்பது 2,060 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டு, வயலிலிருந்து திரும்பி வரும் நீர் என்று 70 டி.எம்.சி.யைத் தனியாகச் சேர்த்தே பங்கு பிரித்தது. அப்புறம் ஒரு எண் சொன்னார், அறையே கப்சிப். கிருஷ்ணாவின் குறுக்கே இருக்கும் ஸ்ரீசைலம் அணையில் ஆவியாவதற்கென்றே ஒதுக்கியது வருடத்துக்கு 33 டி.எம்.சி. சென்னைக்கோ மகாராஷ்டிரம், கர்நாடகம், அன்றைய ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 போட்டு 15, அதில் வழியில் சேதாரம் 3 போக 12. அந்தப் பன்னிரண்டும் முழுசாக வருகிறதா என்பது வேறு கதை. ஒரு டி.எம்.சி. என்றால் ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பிடித்தது. கிருஷ்ணா படுகையின் கணக்கில் நாம் குடிப்பது, குளிப்பது எல்லாமே போனது போனதுதான், ஒரு சொட்டுகூட அங்கே திரும்பாது. ஆனால் நம் பக்கத்துக் கணக்கில் அப்படி இல்லை, கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்களே, அது அதே தண்ணீரின் இரண்டாவது வேலை. எல்லையை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப நஷ்டமும் மாறுகிறது.

இரண்டாவது வகுப்பு ஆவியாதல். நாலடி அகலம், பத்து அங்குல ஆழத்தில் ஒரு தட்டு, தினமும் எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள், காக்கா குடித்துவிட்டால் கணக்கு கெடும் என்று நம்மூரில் மேலே வலை வேறு. தட்டு சீக்கிரம் சூடாகும், ஏரி ஆகாது, அதனால் தட்டைப் பொறுத்து 0.7, 0.8 என்று பெருக்க வேண்டும். ஏரியில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் குறைகிறது என்று வைத்தால், ஒரு சதுர கிலோமீட்டரில் 50 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 416 நடை! அன்று சாயங்காலம் லாரி நோட்டைத் திறக்கவே மனசு வரவில்லை.

மூன்றாவது சுமார். செயற்கைக்கோள் நிலத்தின் சூட்டைப் பார்க்கும், தண்ணீர் பாய்ந்த வயல் குளுமையாகத் தெரியும், காய்ந்தது கொதிக்கும், அதை வைத்துப் பயிர் எவ்வளவு குடித்தது என்று கணக்கிடலாம். லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டரை வயல் வயலாக இறங்கி அளக்க முடியாதே. விஷயம் அருமை, ஆனால் ஆளுக்கொரு மடிக்கணினி என்று சொல்லிவிட்டு மூன்று பேருக்கு ஒன்று கொடுத்தார்கள், இணையம் வேறு தவழ்ந்தது. மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் படமே வராதே, அப்போது என்ன செய்வது என்று கேட்டேன், "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார் உதவிக்கு வந்த தம்பி.

அடுத்த வாரம் பார்க்கவே இல்லை. பூண்டி ஏரிக்குக் கூட்டிப்போகிறோம், போகும் வழியில் கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட்டில் நீரை அளப்பதையும் காட்டுகிறோம் என்று அந்த வகுப்பைத்தான் பெரிதாக விளம்பரம் செய்தார்கள். வேன் வரவில்லை. பத்தரை வரை வாசலில் நின்றுவிட்டு மாடியேறி, அதே இடத்தை ப்ரொஜெக்டரில் பார்த்தோம்.

எண்களோடு மல்லுக்கட்டப் பிடிக்குமென்றால் போங்கள், கால்குலேட்டர் எடுத்துப்போங்கள், மூன்றாம் ஞாயிறு சொந்த மடிக்கணினி கட்டாயம். முதல் இரண்டு வகுப்புக்கு மட்டும் காசு கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள், அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வேனுக்கென்று வாங்கிய 300 ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.