காபன் காசு: திறைசேரிக்கா, சனத்துக்கா?

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்குப் போனது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பெரியப்பா வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு, "தம்பி, இந்த விலைக்கு எண்ணெய் ஊத்திப் போனால் பிடிக்கிற மீன் முழுக்க எண்ணெய்க்குத்தான் காணும்" என்றார். அது புகைக்கு விலை வைக்கிற காபன் வரி இல்லை, மானியம் போனதால் வந்த விலை. ஆனாலும் எரிபொருள் விலையை ஏற்றினால் முதலில் யாருக்கு வலிக்கும், ஏறிய காசு எங்கே போகும் என்ற இரண்டு கேள்வியும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காபன் வணிகம் பற்றிய பேச்செல்லாம் புகை எவ்வளவு குறையும் என்பதிலேயே நிற்கிறது. அரசியலில் அந்தத் திட்டம் நிலைப்பதும் கவிழ்வதும் காசு போகும் வழியைப் பொறுத்தது என்று நான் நினைக்கிறேன்.

முறை இதுதான். வருடத்துக்கு இத்தனை தொன் காபனீரொட்சைட்டு என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்து, அந்த அளவுக்கு அனுமதிப்பத்திரம் அச்சடிக்கும். புகை விடுகிற ஆலைகள் அதை வைத்திருக்க வேண்டும், மிஞ்சினால் விற்கலாம், போதாவிட்டால் வாங்கலாம். அந்தப் பத்திரத்தை ஆலைகளுக்குச் சும்மா கொடுப்பதா, ஏலத்தில் விற்பதா, விற்றால் வந்த காசை என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

சும்மா கொடுப்பது எதிர்ப்பை அடக்க நல்ல வழி, அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அப்படித் தொடங்கியது. ஆனால் யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் ஒருவருக்கு இலவசமாகக் கிடைத்த அரிசியையும் அன்றைய விலைக்குத்தானே விற்பார்? மின் நிறுவனங்களும் அதையே செய்தன. சும்மா வந்த பத்திரத்தின் சந்தை விலையை மின்கட்டணத்தில் ஏற்றிப் பெருலாபம் பார்த்தன. 2013இலிருந்து பெரும்பாலான மின்நிலையங்கள் ஏலத்தில்தான் வாங்க வேண்டும் என்று ஆனது. இந்த வழியை நான் இத்தோடு விட்டுவிடுகிறேன். சனம் கொடுத்த காசு கொம்பனிக்குப் போவதற்கு நியாயம் சொல்ல முடியாது.

ஏலம் விட்டுக் காசைத் திறைசேரியில் போடுவது எந்த நிதியமைச்சருக்கும் வாயூற வைக்கும் வழி. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவின் முதல் வரவு செலவுத் திட்டம் பத்திர ஏலத்திலிருந்து 2019 வரை சுமார் 646 பில்லியன் டொலர் வரும் என்று கணக்குப் போட்டது. அந்தத் தொகையைக் கண்டதுமே எதிரணி அதற்கு வரி என்று பெயர் வைத்துவிட்டது. 2009 யூனில் கீழ்ச்சபையில் 219க்கு 212 என்று மயிரிழையில் அந்தப் பத்திரத் திட்டத்துக்கான சட்டமூலம் தேறியது, அதற்கே பெரும்பாலான பத்திரங்களைத் தொடக்கத்தில் சும்மா கொடுக்க ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேற்சபையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் பத்து மாநிலங்கள் 2009இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில் நடந்தது இன்னும் மோசம். மின்சாரச் சிக்கனத்துக்கென்று சேர்த்த நிதியில் நியூயோர்க் 90 மில்லியன் டொலரை எடுத்துப் பட்ஜெட் ஓட்டையை அடைத்தது. நியூஜெர்சியும் 65 மில்லியன் எடுத்தது, பிறகு அதே மாநிலத்தின் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி இது வெறும் வரிதான் என்று சொல்லி 2011இல் வெளியேறினார். அந்த 65 மில்லியனைத் திருப்பியதும் அவருடைய அரசுதான், காசைத் திருப்பியதே அந்த வாதத்துக்கும் வழி விட்டது.

இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. சாராயத்திலும் சிகரெட்டிலும் வரி எடுத்துப் பழகிய எங்கள் அரசாங்கத்துக்குக் குடி குறைந்தால் வருமானத்தில் துண்டு விழுகிறது. புகையும் அப்படித்தான். அதோடு பத்திரத்தின் விலையும் நிலையில்லை. ஐரோப்பாவில் 2013இல் தொன்னுக்கு 5 யூரோவுக்கும் கீழே போனது, 2023 பெப்ரவரியில் 100 யூரோவைத் தாண்டியது. அதை நம்பிச் சம்பளம் கொடுக்க முடியுமா?

சரி, அப்போ தலைக்கு இவ்வளவு என்று திருப்பிக் கொடுத்தால்? எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான், ஆனால் கனடா அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. 2019இலிருந்து மத்திய அரசு எரிபொருளில் எடுத்த காபன் கட்டணத்தில் சுமார் 90 வீதத்தைக் குடும்பங்களுக்கே திருப்பியது. அது ஏலமில்லை, நேரடிக் கட்டணம், என்றாலும் காசு பற்றிய பாடம் ஒன்றுதான். ஸ்காபரோவில் இருக்கிற மச்சானிடம் கேட்டேன். "பாங்கில ஏதோ விழும், என்னத்துக்கெண்டு பார்க்கிறேல்லை, பெற்றோல் விலை மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணில குத்தும்" என்றான். 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணமே போய்விட்டது. எடுத்தது தினமும் தெரிந்தது, கொடுத்தது தெரியவில்லை.

கடைசி வழி, காசைச் சட்டத்திலேயே கட்டிப்போட்டுக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செலவழிப்பது. கலிபோர்னியா பத்திரக் காசில் ஒரு பங்கை மின்பட்டியலிலேயே பெயர் போட்டுக் கழித்துக் காட்டுகிறது. வாஷிங்டன் மாநிலம் 2023இல் தொடங்கிய திட்டத்தின் காசைப் போக்குவரத்தில் போட்டது, 18 வயதுவரை பிள்ளைகளுக்குப் பஸ் இலவசம். 2024 நவம்பரில் திட்டத்தை ஒழிக்க மக்கள் வாக்கெடுப்பு வந்தபோது 60 வீதத்துக்கும் மேலானோர் ஒழிக்க வேண்டாம் என்று வாக்களித்துத் திட்டத்தைக் காப்பாற்றினார்கள். இதிலும் ஓட்டை உண்டு, அரசியல்வாதிக்குப் பிடித்த திட்டங்களுக்குக் காசு வழுக்கிப் போகும், கலிபோர்னியாவில் காற்பங்கு அதிவேக ரயிலுக்குப் போனதை இன்றும் பலர் திட்டுகிறார்கள். ஆனாலும் வாக்குச்சீட்டில் நின்று வென்ற வழி என்பதால் நான் இதன் பக்கம்.

எங்களிடமும் ஒருமுறை காபன் வரி வந்தது. 2019இல் வாகன லைசன்ஸோடு சேர்த்து எடுத்தார்கள், அந்த வருடக் கடைசியில் ஆட்சி மாறியதும் எடுத்துவிட்டார்கள். அந்தக் காசில் யாழ்ப்பாணத்தில் எது வந்தது என்று எனக்கு ஒருவரும் காட்டவில்லை, வரி போனபோது அதற்காக ஒருவரும் வாய் திறந்ததும் இல்லை.

பத்திரச் சந்தை இலங்கைக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். மிகப் பெரிய புகைக்கூண்டு நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம், 900 மெகாவாட், அரசுடையது. அரசாங்கம் தனக்குத்தானே ஏலம் விட்டு என்ன? அதற்குப் பதில் நுரைச்சோலையில் எரிகிற நிலக்கரிக்கு வரி போடட்டும். குறைவாக மின் பாவிக்கிற வீட்டுக்கு அந்தச் சுமையைப் பட்டியலிலேயே தனி வரியில் கழித்துக் காட்டட்டும். மிச்சத்தைத் தோட்டக்காரரின் இறைப்பு மிஷினுக்குப் பதில் சூரிய பம்பும், பெரியப்பா போன்றவர்களுக்கு எண்ணெய் குறைவாகக் குடிக்கிற எஞ்சினும் வாங்கக் கொடுக்கட்டும். அவை கைக்கு வரும்வரை மண்ணெண்ணெயில் ஒரு சதமும் ஏற்றக்கூடாது என்று அதே சட்டத்தில் எழுத வேண்டும்.