ஸ்லீப்பிங் பியூட்டியா, பிக்கிபேக்கா, டோல்2வா? செல்லுக்குள்ள ஜீன் போட எது தேவலைங்க?

கோயமுத்தூர்ல செல் கல்ச்சர் பண்ற பசங்க கேக்கறது இதானுங்க, ஜீனை நிரந்தரமா உள்ள உக்கார வெக்கணும், வைரஸ் வேண்டாம், டிரான்ஸ்போசான்ல (டிஎன்ஏவுல எடம் விட்டு எடம் குதிக்கற துண்டு) எது பெஸ்ட்டுன்னு. மூணும் ஒரே மாதிரி தான் வேலை செய்யும், ஒரு பிளாஸ்மிட்ல (வட்டமான சின்ன டிஎன்ஏ) நம்ம ஜீன், ரெண்டு பக்கமும் ரிப்பீட் (என்சைம் அடையாளம் கண்டுக்கற எழுத்து வரிசை), இன்னொன்னுல டிரான்ஸ்போசேஸ்ங்கற என்சைமோட ஜீன், உள்ள போனதும் அந்த என்சைம் வெட்டியெடுத்து குரோமோசோம்ல ஒட்டிடும். என்ற கேள்வி வேறங்க, போட்டதை பின்னாடி எடுக்கணுமா வேண்டாமா?

எடுக்கணும்னா பிக்கிபேக் தான், பேச்சே இல்ல. முட்டைக்கோசு திங்கற ஒரு புழுவோட அந்துப்பூச்சியில இருந்து வந்ததுங்க (தாளவாடிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க). டிஎன்ஏவுல டிடிஏஏ-ங்கற நாலு எழுத்துல உக்காரும், கெளம்பறப்ப அந்த எடத்தை பழையபடியே விட்டுட்டு போயிடும். அதனால தான் 2009ல ஐபிஎஸ் செல் (சாதா செல்லையே எந்த செல்லாவும் மாறக்கூடியதா திருப்புனது) செஞ்சவங்க இதை வெச்சு ஜீனை போட்டு, வேலை முடிஞ்சதும் கழட்டிட்டாங்க. 100 கிலோபேஸ் (ஒரு லட்சம் எழுத்து) சரக்கையும் தூக்கும்.

ஸ்லீப்பிங் பியூட்டி அப்படியில்லீங்க, சோமனூர் தறியில அறுந்த நூலை முடிஞ்சு ஓட்டுனா துணியில முடிச்சு நிக்குமே அந்த மாதிரி, கெளம்புனா வழக்கமா அஞ்சு எழுத்தை கூடுதலா விட்டுட்டு போவும், எக்ஸானுக்குள்ள (ஜீன்ல புரதத்துக்கான பகுதி) நடந்தா ரீடிங் ஃபிரேமே, அதாவது மூணு மூணு எழுத்தா படிக்கற கணக்கே நகர்ந்துடும். ஆனா இதோட கதை தான் பிரமாதம், சால்மன் வகை மீன்கள்ல செத்துக்கெடந்த டிரான்ஸ்போசான் காப்பிகளை ஒப்பிட்டுப் பாத்து 1997ல இவிக்ஸ், ஹேக்கட், இஷ்வாக் குரூப் உசுரு குடுத்து எழுப்புனது. டிஏ இருக்கற எடத்துல ஏறக்குறைய ரேண்டமா விழும், பிக்கிபேக் மாதிரி ஓடிட்டிருக்கற ஜீன்களோட ஆரம்பத்தைத் தேடிப் போவாது. ஆளுக்குள்ள போற செல்லுன்னா நான் இதைத்தான் பாப்பேன். ஜீன் ரொம்ப பெருசானா மட்டும் தடுமாறும், டிரான்ஸ்போசேஸை அள்ளி ஊத்துனாலும் வேலை கொறையும், ரேஷியோ பாத்து போடோணும்.

பிக்கிபேக் தான் வேகம்னு 2006 ஒப்பீட்டை இன்னும் காட்டறாங்க பாருங்க, அது பழைய கணக்குங்க. அதுல ஓட்டுனது ஸ்லீப்பிங் பியூட்டியோட பழைய வெர்ஷன் எஸ்பி11, 2009ல புது வெர்ஷன் எஸ்பி100எக்ஸ் வந்து மொத வெர்ஷனை விட ஏறக்குறைய 100 மடங்கு ஓடுச்சு. அதே மாதிரி பிக்கிபேக்ல செஞ்ச சிஏஆர்-டி (புற்றுநோயை அடிக்க ஜீன் மாத்துன டி செல்) சோதனை ஒன்னுல 10 பேர்ல 2 பேருக்கு அந்த செல்லே லிம்ஃபோமாவா (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) மாறுனதா 2021ல வந்துச்சு, ஜீன் காப்பி எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு, அதுக்காக பழியை டிரான்ஸ்போசான் மேல மட்டும் போட முடியாது.

டோல்2, மெடக்கா மீன்ல இருந்து வந்தது. ஜீப்ராஃபிஷ்னா யோசிக்காம இதை எடுங்க. மனுச செல்லுக்கு எனக்கு பெருசா ஆசையில்ல. பல்லடம் நாமக்கல்காரங்களுக்கு ஒரு சேதி, கோழியோட கருச்செல்லுல ஜீன் போட டோல்2வும் பிக்கிபேக்கும் ரெண்டுமே ஓடியிருக்கு.

எதை எடுத்தாலும் டிரான்ஸ்போசேஸை முடிஞ்சா எம்ஆர்என்ஏவா (கொஞ்ச நேரத்துல கரைஞ்சு போற செய்தி நகல்) குடுங்க, பிளாஸ்மிட்டா போட்டு அதுவே எங்கயாச்சும் ஒட்டிக்கிச்சுன்னா உக்கார வெச்ச ஜீன் மறுபடி குதிக்க ஆரம்பிச்சுடும்.