லண்டன் காலிங்: பேஸைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்

தங்கச்சிமடத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறேன். சர்ச் திருவிழா, கோயில் கொடியேற்றம், படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் போடுகிற உண்ணாவிரதப் பந்தல், எல்லாவற்றுக்கும் நம் பெட்டிதான். பந்தலில் ஓடுகிற போராட்டப் பாட்டுகளில் பாதிக்கு ஒரு வியாதி உண்டு. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே கத்தல். மூன்றாவது பாட்டில் ஆட்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். தி கிளாஷ் என்ற இங்கிலாந்து பங்க் குழுவின் (பங்க் என்றால் முரட்டு ராக் இசை) 'லண்டன் காலிங்' ஆல்பத்திலும் அரசியல் உண்டு, 19 பாட்டு. எழுந்து போகத் தோன்றவில்லை.

1979 டிசம்பரில் இங்கிலாந்தில் வந்தது. அந்த வருடம்தான் தாட்சர் பிரதமரானார். அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தும் அதே வருடம். தேம்ஸ் பெருகினால் லண்டன் முழுகிவிடும் என்ற பயம் வேறு. முதல் பாட்டில் அணு உலை பயமும் வெள்ள பயமும் வருகிறது. ஆறு பொங்கட்டும், நான் கரையில்தான் குடியிருக்கிறேன் என்கிற தோரணையில் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பாடுகிறார். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் திமிர் நன்றாகவே புரியும்.

எனக்குப் பிடித்தது 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. பிரிக்ஸ்டன் லண்டனில் ஒரு பகுதி. குழுவில் பேஸ் கிடார் வாசித்த பால் சைமனன் எழுதி, அவரே பாடியது. போலீஸ் கதவை உடைத்து வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிற பாட்டு. குரலை உயர்த்தவே இல்லை. ஜமைக்கா இசையான ரெகே தாளத்தில் பேஸ் மட்டும் உருண்டுகொண்டே இருக்கிறது. பாட்டு வந்த பிறகு, 1981-ல், அதே பிரிக்ஸ்டனில் போலீஸோடு கலவரம் வெடித்தது. இதைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள், பேஸ் செத்துவிடும். பெரிய பெட்டியில் போட்டு, ட்ரெபிளைக் குறைத்துக் கேளுங்கள். 'கிளாம்ப்டவுன்' இன்னொரு வகை. முறுக்கிக்கொண்டு திரிந்த பையன் வேலைக்குப் போய் அடங்கி, கடைசியில் அடக்குகிறவன் பக்கமே நிற்கிறான். ஊருக்கு நாலு பேரைக் காட்டலாம்.

அரசியல் பாட்டில் மட்டும் இல்லை, விலையிலும் இருந்தது. இரண்டு இசைத்தட்டு ஆல்பத்துக்கு ரெக்கார்டு கம்பெனி சம்மதிக்கவில்லை. சரி, ஒரு தட்டோடு இலவசமாக ஒரு சிங்கிளாவது (ஒன்றிரண்டு பாட்டு மட்டும் இருக்கிற தட்டு) கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அதில் 9 பாட்டை ஏற்றிவிட்டார்கள். ஒரு தட்டின் விலைக்கு இரண்டு. சவுண்டு சர்வீஸ்காரனாக இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு.

எல்லாமே தேறும் என்று சொல்ல மாட்டேன். 'லவர்ஸ் ராக்' சவசவ, தாண்டிவிடலாம். கடைசிப் பாட்டான 'ட்ரெயின் இன் வெயின்' தாமதமாகச் சேர்ந்ததால் அட்டைப் பட்டியலில் பெயரே இல்லை. அதில் அரசியல் கிடையாது, விட்டுப் போன காதலியோடு சண்டை. பந்தலுக்கு ஆகாது; கல்யாண வீட்டில் தாராளமாகப் போடலாம்.